சோசியாலஜி, கிரிமினாலஜி டியூஷன் எடுக்கணும்னு இருக்கறவங்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஈரோட்டுல ஒன்பது வருசமா சோசியாலஜியும் (சமூகவியல்) கிரிமினாலஜியும் (குற்றவியல்) டியூஷன் எடுத்துட்டு இருக்கறனுங்க, சொந்த ஊரு கோபி பக்கம். எம்.ஏ. முடிச்ச பசங்க, வீட்டுல இருக்கற பொண்ணுங்க, ஏற்கெனவே காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கறவங்கன்னு பல பேரு போன் பண்ணி எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேக்கறாங்க. அவங்க கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிருக்கறேன்.

இந்த சப்ஜெக்டுக்கெல்லாம் டியூஷன் வருவாங்களா?

வருவாங்க, ஆனா நீங்க நெனைக்கற எடத்துல இருந்து வர மாட்டாங்க. பி.ஏ. சோசியாலஜி படிக்கற பசங்க டியூஷன் தேடி வர்றது ரொம்ப கம்மிங்க. எனக்கு மொத வருசம் வந்த பேட்ச்ல முக்காவாசி நர்சிங் பொண்ணுங்க. பி.எஸ்சி. நர்சிங்ல மொத செமஸ்டர்லயே அப்ளைடு சோசியாலஜின்னு ஒரு பேப்பர் இருக்குது, பிளஸ் டூல பயாலஜி படிச்சிட்டு வந்த புள்ளைங்களுக்கு அது என்னன்னே தெரியாது, அனாட்டமிய கூட உருப்போட்டு எழுதிருவாங்க, "குடும்பம் என்றால் என்ன"ன்னு கேட்டா என்ன எழுதறதுன்னு தெரியாம முழிப்பாங்க. நம்ம பக்கம் கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல், சேலம்னு எங்க பார்த்தாலும் நர்சிங் காலேஜ்தான், அதனால அந்தக் கதவு எப்பவும் திறந்தே இருக்குதுன்னு வெச்சுக்கங்க.

அடுத்தது லா காலேஜ் பசங்க, அஞ்சு வருச கோர்ஸ்ல சோசியாலஜியும் வரும், பின்னாடி கிரிமினாலஜியும் வரும். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கறவங்க, சிபிஎஸ்இ பிளஸ் ஒன் பிளஸ் டூவுல சோசியாலஜி எடுத்தவங்க (அங்க தியரி 80, இன்டர்னல் 20), நெட் (காலேஜ் லெக்சரர் வேலைக்கான தகுதிப் பரிட்சை) எழுதறவங்க, யுபிஎஸ்சில சோசியாலஜிய ஆப்ஷனலா எடுத்தவங்க. இந்த கடைசி குரூப்தான் ரொம்ப நாள் கூட இருப்பாங்க, ஏன்னா அதுல ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் 250 மார்க், மொத்தம் 500. பதில் எழுத வெச்சு திருத்திக் குடுக்கறதுக்கு ஆளு தேவைப்படுது, வீடியோ பார்த்து அது வராது.

என்ன படிச்சிருக்கணும்? நெட் பாஸ் பண்ணியே ஆகணுமா?

தனியா டியூஷன் எடுக்கறதுக்கு நெட்டும் வேண்டாம் பி.எட்.டும் வேண்டாமுங்க. ஆனா எம்.ஏ. சோசியாலஜியோ எம்.ஏ., எம்.எஸ்சி. கிரிமினாலஜியோ ஒண்ணு கையில இருந்தா நல்லது, பேருக்காக இல்ல, ஒரு தியரிய எதிர்த்து இன்னொருத்தர் என்ன சொன்னாருன்னு ரெண்டு வருசம் உக்காந்து படிச்சாதான் பசங்க கேக்கற குறுக்குக் கேள்விக்கு வாய் வரும். சோசியாலஜிக்கு பக்கத்துல சேலம் பெரியார் யுனிவர்சிட்டில டிபார்ட்மென்ட் இருக்குது, வேலைக்குப் போயிட்டே படிக்கறவங்களுக்கு இக்னோ (தொலைதூரக் கல்வி யுனிவர்சிட்டி) இருக்குது. கிரிமினாலஜின்னா பேரு சொல்ற எடம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டியும்தான், நம்ம பக்கத்துப் பசங்க அங்க போயி படிச்சிட்டு வந்துதான் இங்க நடத்தறாங்க.

நெட் எழுதறதுல ஒரு பிரயோஜனம் இருக்குது. சோசியாலஜிக்கு கோடு 05, கிரிமினாலஜிக்கு 68, மூணு மணி நேரம், 150 கேள்வி, 300 மார்க், தப்புக்கு மைனஸ் கிடையாது. நீங்களே எழுதிப் பாஸ் பண்ணியிருந்தா நெட் பேட்ச் எடுக்கலாம், பாஸ் பண்ணாம நெட் பேட்ச் எடுக்காதீங்க, அது சரியில்லைங்க.

ஸ்கூல் டீச்சரா இருந்துட்டே சைடுல எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: 2009 கல்வி உரிமைச் சட்டம் 28வது பிரிவு, டீச்சருங்க தனி டியூஷன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது.

நான் வக்கீலுக்குப் படிக்கல. கிரிமினாலஜி நடத்த முடியுமா?

முடியும். சட்டம் எது குத்தம், எவ்வளவு தண்டனைன்னு சொல்லும், கிரிமினாலஜி ஏன் நடந்துச்சு, ஏன் இங்க நடந்துச்சு அங்க நடக்கல, ஜெயிலுக்குப் போயி வந்தவன் ஏன் திரும்பப் போறான்னு கேக்கும். ஆனா சட்டமே தெரியாம நடத்த முடியாது. முக்கியமா 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) போயி பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துருச்சு, 511 பிரிவு இருந்தது 358 ஆயிருச்சு, கொலைக்கு 302ன்னு சினிமா பார்த்தே மனப்பாடம் ஆனது இப்ப 103, திருட்டுக்கு 379 போயி 303, 420ன்னு திட்டறமே அது இப்ப 318. சின்னச் சின்ன குத்தத்துக்கு சமூக சேவைன்னு ஒரு தண்டனையே புதுசா சேர்த்திருக்கறாங்க, அது கிரிமினாலஜில பனிஷ்மென்ட் பாடத்துக்கு நேரா வந்து உக்காரும். அதே சமயம் 2024 ஜூலைக்கு முன்னாடி நடந்த குத்தத்துக்கு இன்னும் ஐபிசிதான், அதனால ரெண்டு நம்பரையும் சேர்த்து சொல்லிக் குடுங்க. பழைய நோட்ஸ ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கற வேலை மட்டும் வேண்டாமுங்க.

புக் முழுக்க வெளிநாட்டுக்காரங்க பேரா இருக்குது. நம்ம பசங்களுக்கு எப்படி புரிய வெக்கறது?

நான் அதிகமா பேச ஆசைப்படற கேள்வி இது.

தியரி எங்க வேணா பொறந்திருக்கட்டும், எக்சாம்பிள் நம்ம ஊர்ல இருந்து வரணும். அமெரிக்க சோசியாலஜிஸ்ட் மெர்ட்டன் 1938ல எழுதினதை எடுத்துக்கங்க. சமுதாயம் எல்லாருக்கும் ஒரே ஆசையக் காட்டுது, ஆனா அங்க போறதுக்கு வழி எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கறதில்ல, அப்ப மனுசன் அஞ்சு விதமா நடந்துக்கறான்னு சொல்றாரு. இத அமெரிக்கக் கனவுன்னு சொன்னா பசங்க எழுதிக்குவாங்க, புரியாது. திருப்பூருன்னு சொல்லுங்க, ஒடனே நிமிந்து உக்காருவாங்க. பத்து பவர் டேபிள் (தையல் மிஷின்) போட்டு சொந்தமா ஒரு கம்பெனி வெக்கணும், மொதலாளி ஆகணும், அதுதான அந்த ஊரோட ஆசை? தோட்டத்துல இருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து மொதலாளி ஆனவங்க நெறைய பேரு இருக்கறாங்க, ஷரத் சாரின்னு ஒருத்தரு அவங்களப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி 2004ல புஸ்தகம் போட்டாரு. சரி, எல்லாருக்கும் பேங்க் லோன் கெடைக்குமா, எல்லா ஜாதிக்காரனுக்கும் ஜாப் ஆர்டர் குடுக்கற சொந்தக்காரன் இருப்பானா? கெடைக்காதவன் என்ன பண்ணுவான்? இப்ப மெர்ட்டனோட அஞ்சையும் பசங்களையே சொல்லச் சொல்லுங்க. என் பேட்ச்ல ஒரு பையன், இருவது வருசமா அதே ஓவர்லாக் மிஷின்ல உக்காந்து மொதலாளி ஆகற ஆசைய விட்டுட்டு டைமுக்குப் போயி டைமுக்கு வர்ற அவங்க மாமாவச் சொல்லி "அவரு ரிச்சுவலிஸ்ட்டுங்களா மேம்"னு கேட்டான். அந்த அஞ்சுல ரிச்சுவலிஸ்ட்னா ஆசைய விட்டுட்டு வழிய மட்டும் விடாமப் பிடிச்சிருக்கறவன். எந்த கைடுலயும் அந்த மாதிரி பதில் இல்லைங்க.

அமெரிக்க சோசியாலஜிஸ்ட் சதர்லேண்ட் 1939ல வைட் காலர் கிரைம்னு ஒரு பேச்சு பேசினாரு, குத்தம்னா ஏழைங்க பண்றது மட்டுமில்ல, நல்ல சட்டை போட்டு ஆபீஸ்ல உக்காந்து பண்றதும் குத்தம்தான்னு. அதுக்கு நம்ம எடம் பெருந்துறை. 2012ல ஈமு கோழிப் பண்ணைங்க ஒண்ணொண்ணா மூடுச்சே, விவசாயிங்க லட்சக்கணக்குல கட்டிட்டு கோழிக்குத் தீவனம் கூட இல்லாம நின்னாங்களே, அது. டெபாசிட்தாரர் பாதுகாப்புக்குன்னு 1997ல போட்ட தமிழ்நாட்டுச் சட்டம், கோயம்புத்தூர்ல அதுக்குன்னே இருக்கற ஸ்பெஷல் கோர்ட், எல்லாத்தையும் அந்த ஒரு எக்சாம்பிள்லயே நடத்திரலாம். ஒருக்கா இத நடத்திட்டு இருக்கும்போது பின்னாடி உக்காந்திருந்த பொண்ணு "எங்கப்பாவும் போட்டாருங்க மேம், ஊரே அவர பேராசைக்காரன்னு சொல்லுச்சு"ன்னா. அன்னைக்கு சிலபஸ்ல இல்லாத பாடம் ஒண்ணு எடுத்தேன், ஏமாந்தவன் மேல பழி போடறது எப்படி ஏமாத்தினவனுக்கு வசதியாப் போகுதுன்னு. விக்டிமாலஜி (பாதிக்கப்பட்டவங்களப் பத்தின படிப்பு) புக்ல அது இருக்குது, ஆனா அந்தப் பொண்ணு மொகம் தெளிஞ்சத பார்த்தப்பதான் அது எதுக்கு எழுதினாங்கன்னு எனக்கே புரிஞ்சுது.

கோஹன் – ஃபெல்சன் 1979: குத்தம் பண்ணத் துணிஞ்ச ஆளு, கைக்கு வாகான இலக்கு, காவலுக்கு யாரும் இல்லாத நேரம், இது மூணும் ஒரே எடத்துல கூடினா குத்தம் நடக்கும்னு சொன்னாங்க. நம்ம பக்கம் தோட்டத்துச் சாளைல (தோட்டத்து வீட்டுல) தனியா இருக்கற வயசான அப்பாரு ஆத்தாவக் கொன்னு நகை எடுத்துட்டுப் போன கேஸுங்க இருக்குதே, அதையே எடுத்து வெச்சு கேளுங்க. மகன் பெங்களூர்ல, மக கோயம்புத்தூர்ல, பக்கத்துச் சாளை கூப்பிட்டாக் கேக்காத தூரத்துல, பண்ணையத்துக்கு ஆளு வந்த காலம் போயி ராத்திரி நாய் மட்டும்தான் காவல். குத்தவாளி புத்தி எப்படின்னு பேசாம, ஒரு ஊரோட பண்ணையம் மாறுனதுல குத்தத்துக்கு எப்படி எடம் கெடைச்சுதுன்னு பசங்க பேச ஆரம்பிச்சிருவாங்க.

ஒரு எச்சரிக்கை: கோஹன்ங்கற பேர்ல மூணு பேரு இருக்கறாங்க. 1955ல பசங்க கும்பல் பத்தி எழுதினவரு ஆல்பர்ட், 1972ல மாரல் பேனிக் (ஊரே ஒண்ணப் பத்தி அளவுக்கு மீறிப் பயந்துக்கறது) பத்தி எழுதினவரு ஸ்டான்லி, 1979 காரரு லாரன்ஸ். பரிட்சைல மூணையும் ஒண்ணாக் கலக்கி எழுதி மார்க் போகும், மொத நாளே பிரிச்சுச் சொல்லிருங்க. ஸ்டான்லி கோஹனுக்கு எக்சாம்பிள் 2023 மார்ச்: வடக்க இருந்து வந்த தொழிலாளிங்கள தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, திருப்பூர்லயும் கோயம்புத்தூர்லயும் பயந்து போன ஆளுங்களப் பார்த்து போலீஸும் கலெக்டருங்களும் நேர்ல பேச வேண்டி வந்துச்சு.

ஜாதி பத்தி எப்படி நடத்தறது? கிளாஸ்லயே பல ஜாதிப் பசங்க உக்காந்திருப்பாங்களே?

அதனாலதான் இந்த சப்ஜெக்டு நடத்தறது மத்தது மாதிரி இல்லைங்கறேன். கெமிஸ்ட்ரி வாத்தியாரு பென்சீன் பத்திப் பேசினா யாரு வீட்டுக்கும் வலிக்காது. இங்க பாடமே அந்தப் பையன் வீடுதான்.

சோசியாலஜிஸ்ட் எம்.என். சீனிவாஸ் சொன்ன ஆதிக்க ஜாதின்னா என்ன, நிலமும் ஆளு எண்ணிக்கையும் அதிகாரமும் ஒரு எடத்துல சேர்றதுன்னு நடத்துவீங்க. காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல 1960கள்ல தங்கி ப்ரெண்டா பெக் எழுதி 1972ல வந்த கொங்கு பத்தின ஆராய்ச்சிய நடத்துவீங்க, வலங்கை இடங்கைன்னு ஜாதிங்க எப்படிப் பிரிஞ்சு நின்னுச்சுன்னு. எதிர்ல ஒரு கவுண்டர் வீட்டுப் பொண்ணு இருக்கும், பக்கத்துல அருந்ததியர் பையன் இருப்பான், அவங்க தாத்தாவுக்கு டீக்கடைல தனி டம்ளர் வெச்சிருந்தது அவனுக்குக் கதை இல்ல. உடுமலைப்பேட்டைல 2016ல பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டப்பகல்ல நடந்த ஆணவக்கொலையப் பத்திப் பேசாம இங்க கிரிமினாலஜி நடத்த முடியுமா? முடியாது, ஒளிக்கவும் கூடாது.

நான் கடைப்பிடிக்கறது இதுதான். யாரையும் "உங்க ஜாதில எப்படி"ன்னு கேக்க மாட்டேன், அவங்களே சொன்னா தவிர. "நாங்க, நீங்க"ங்கற வார்த்தை கிளாஸ்ல வராம பாத்துக்குவேன், "இந்த ஊர்ல, இந்த வருசம்"னுதான் பேசணும். ஆனா நடுநிலைன்னு சொல்லிட்டு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுன்னு மழுப்ப மாட்டேன். கொலை கொலைதான், தீண்டாமை குத்தம்தான், 1955லயே சட்டம் வந்துருச்சு, 1989ல வன்கொடுமைச் சட்டம் வந்துச்சு. ஏன் நடக்குதுன்னு புரிஞ்சுக்கறது வேற, சரின்னு சொல்றது வேற, இந்த ரெண்டையும் பிரிக்கப் பழக்கறதுதான் நம்ம வேலையே.

லொம்ப்ரோசோ நடத்தும்போது இன்னும் கவனம் வேணும். 1876ல மூஞ்சி, தாடை, மண்டை ஓட்ட அளந்து பொறவிக் குத்தவாளின்னு சொன்னவரு அவரு. இத நடத்தின கையோட 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்த நடத்துங்க, பொறப்பால குத்தவாளின்னு ஒரு அரசாங்கம் முடிவு பண்ணினா என்ன ஆகும்னு. 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டு வந்தாங்க, நாட்டுல முச்சூடும் நீக்கினது 1952ல. உங்க கிளாஸ்ல டிஎன்சி (சீர்மரபினர்) சர்டிபிகேட் வெச்சிருக்கற பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், அந்த மூணு எழுத்து எங்க இருந்து வந்துச்சுன்னு அவனுக்கே தெரியாம இருக்கலாம். நான் நடத்தின ஒரு பையன் அன்னைக்கு வீட்டுக்குப் போயி அவங்க பாட்டிகிட்ட கேட்டுட்டு, அடுத்த நாள் வந்து, தாத்தாவுக்கு அப்பா தெனமும் ராத்திரி ஸ்டேசன்ல போயி ரேகை வெச்சிட்டு அங்கயே படுத்தாராம்னு சொன்னான். குத்தவாளிங்கறது ஊரு ஒருத்தன் மேல ஒட்டற பேருன்னு பெக்கர் 1963ல சொன்ன முத்திரை குத்தற தியரிய அதுக்கப்பறம் நான் தனியா விளக்கவே இல்ல.

டர்க்கைம் தற்கொலை பத்தி எழுதினதை நடத்தப் பயமா இருக்குது...

பயப்படறது நல்லதுதானுங்க. டர்க்கைம் பிரெஞ்சு சோசியாலஜிஸ்ட், 1897ல வந்த புஸ்தகம் அது, சிலபஸ்ல தவிர்க்க முடியாது. தனி மனுசன் துக்கம்னு நெனைக்கற ஒண்ணுல சமுதாயத்தோட கை இருக்குதுன்னு காட்டினதுதான் அதோட பெருமை. எப்படி செத்தாங்கங்கற பேச்சே வேண்டாம், வீதம், பிணைப்பு, ஒழுங்குன்னு அந்த அளவுலயே நில்லுங்க. மொத நாளே "நாளைக்கு இந்தப் பாடம், யாருக்காவது சங்கடமா இருந்தா வர வேண்டாம், நோட்ஸ் தந்தர்றேன்"னு சொல்லிருவேன். யாராவது வெசனத்துல இருக்கறாங்கன்னு தெரிஞ்சா 14416 டெலி மானஸ் (மனநல உதவி) நம்பர், 104 (சுகாதார உதவி), ரெண்டும் என் போர்டு மூலைல எப்பவும் இருக்கும்.

பசங்க வீட்டு விசயம் சொன்னா என்ன பண்றது?

சொல்லுவாங்க. குடும்ப வன்முறை நடத்தின அடுத்த நாள் யாராவது சித்த நேரம் தனியா பேசணும்பாங்க. கேளுங்க, ஆனா நீங்க கவுன்சிலர் இல்லைங்கறத மறக்காதீங்க, பொண்ணுங்களுக்கு உதவி நம்பர் 181 இருக்குது, குழந்தைங்களுக்கு 1098 இருக்குது. ஒண்ணு மட்டும் உங்க இஷ்டம் கெடையாது: 18 வயசுக்குக் கீழ இருக்கற புள்ள தனக்கு பாலியல் கொடுமை நடந்துச்சுன்னு சொன்னா, போக்சோ (குழந்தைங்கள பாலியல் குத்தத்துல இருந்து பாதுகாக்கற சட்டம்) 19வது பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவிச்சே ஆகணும், மறைச்சா அதுவே குத்தம். அதனால "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முன்கூட்டியே சத்தியம் பண்ணிக் குடுத்தறாதீங்க.

புள்ளிவிவரம் எங்க இருந்து எடுக்கறது?

என்சிஆர்பி (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) வருசா வருசம் போடற கிரைம் இன் இந்தியா. ஆனா அத எப்படிப் படிக்கறதுன்னு மொதல்ல சொல்லிக் குடுங்க. ஒரு எப்ஐஆர்ல அஞ்சு குத்தம் இருந்தாலும் பெருசு எதுவோ அதை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. ஸ்டேசனுக்கே வராதது கணக்குல கெடையாது. நான் ஒவ்வொரு பேட்ச்லயும் கை தூக்கச் சொல்லுவேன், போனோ வண்டியோ தொலைச்சவங்க யாரு, அதுல கம்ப்ளெயின்ட் குடுத்தவங்க யாருன்னு. போன பேட்ச்ல ஏழு கை ஏறுச்சு, அப்பறம் ரெண்டு கைதான் நின்னுச்சு. டார்க் ஃபிகர்னா (கணக்குக்கே வராத குத்தம்) என்னன்னு அந்தக் கீழ எறங்குன அஞ்சு கையப் பார்த்து எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. கேஸு கம்மியா இருக்கற மாவட்டம் நல்ல மாவட்டம்னும் சொல்ல முடியாது, அதிகமா இருக்கறது கெட்டதுன்னும் சொல்ல முடியாது.

தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?

பேசறது தமிழ், எழுதறது பரிட்சை எந்த மொழில இருக்குதோ அதுல. யுபிஎஸ்சி மெயின்ஸ் தமிழ்லயும் எழுதலாம்.

பீஸ் எவ்வளவு வாங்கறது?

நான் ஆரம்பிச்சப்ப ஒரு மணி நேரத்துக்கு 150 ரூவா, இப்ப தனியா வர்றவங்களுக்கு 400, ஆறு பேரு குரூப்புன்னா ஆளுக்கு மாசம் 1200. கோயம்புத்தூர்ல இதவிட எச்சு வாங்கறாங்க. பதில் திருத்தறதுக்குத் தனியா வாங்குங்க, ஒரு மெயின்ஸ் பேப்பர் திருத்த எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுது, அத சும்மா பண்ணிக் குடுத்து மொத ரெண்டு வருசம் நான் ரொம்ப கஷ்டப்பட்டேன். மில்லுல வேலை பார்த்துட்டு கரஸ்ல (தபால் வழில) படிக்கற பொண்ணுங்ககிட்ட பாதிதான் வாங்கறேன், கல்யாணத்துக்கு மொத்தமா பணம் தர்றோம்னு ஆசை காட்டி மில்லு ஹாஸ்டல்ல மூணு வருசம் வெச்சிருந்தாங்களே சுமங்கலித் திட்டம்னு, அத அனுபவிச்சு வந்த பொண்ணு ஒருத்திதான் எனக்கு லேபர் சோசியாலஜியே சொல்லிக் குடுத்தா. மாசக் கணக்கு பாத்தா ஏப்ரல், மே காத்தாடும், அதுக்குத் தகுந்த மாதிரி கையில கொஞ்சம் வெச்சுக்கங்க. 50 பேருக்கு மேல சேர்ந்துட்டா 2024 ஜனவரில மத்திய அரசு போட்ட கோச்சிங் சென்டர் வழிகாட்டுதல எடுத்துப் படிங்க, 16 வயசுக்குக் கீழ சேர்க்கக் கூடாதுங்கறது உட்பட அதுல நெறைய இருக்குது.

மொத கிளாஸ்ல என்ன நடத்தறது?

டெபனிஷன்ல ஆரம்பிக்காதீங்க. நான் மொத நாள் நோட்டே எடுக்க விடறதில்ல. ஈரோடு பஸ் ஸ்டாண்டுலயோ, கனி மார்க்கெட்டுலயோ, அவங்க ஊரு சந்தைலயோ அரை மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து, யாரு யார எப்படிக் கூப்பிடறாங்கன்னு மட்டும் எழுதிட்டு வரச் சொல்லுவேன். "வாங்க"ன்னு சொன்னது யாருக்கு, "வா"ன்னு சொன்னது யாருக்கு, பேரே சொல்லாம கையக் காட்டினது யாருக்கு, அவ்வளவுதான்.

போன ஜூன்ல ஒரு நர்சிங் பொண்ணு பெருந்துறை பக்கம் ஒரு டீக்கடைல உக்காந்து எழுதிட்டு வந்தா. நாப்பத்தி ரெண்டு பேரு வந்திருந்தாங்க. எழுவது வயசுப் பெரியவரு ஒருத்தர கடைக்காரப் பையன் "வா"ன்னு கூப்பிட்டிருக்கறான், பின்னாலயே பைக்ல வந்த இருவது வயசுப் பையன "வாங்ணா"ன்னிருக்கறான். அந்த ரெண்டு வரிக்கும் அடில அவ செகப்பு பேனால கோடு போட்டு, பக்கத்துல "ஏன்?"னு எழுதியிருந்தா.